கைக்கு ஓய்வு கொடுத்தாச்சு... கவனத்துக்கு? அப்பாவின் காரில் ஹேண்ட்ஸ் ஃப்ரீ மாட்டிய அனுபவம்!

போன ஆவணி மாத முகூர்த்த நாள் அது. மாலை ஆறு மணி இருக்கும். ஆபீஸிலிருந்து கிளம்பும் முன், ``எங்கப்பா இருக்கீங்க?" என்று கேட்க அப்பாவுக்கு போன் போட்டேன். ``வண்டலூர் தாண்டிட்டேன் பாப்பா. கூடுவாஞ்சேரி மண்டபத்துக்குப் போயிட்டு இருக்கேன். நீ சாப்ட்டியா?" என்றார். அடுத்த நொடி டயர் தேயும் சத்தம். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாவின் அலறல். பிறகு, போன் எங்கேயோ விழுந்த சத்தம். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை.

மறுபடி அம்மா கூப்பிட்டது நான்கு நிமிடம் கழித்து. அந்த நான்கு நிமிடம் எனக்கு எப்படிப் போனது என்று எழுத வராது. சர்வீஸ் ரோட்டிலிருந்து டியூஷன் பையுடன் ஒரு பையன் சைக்கிளில் சட்டென்று குறுக்கே வந்திருக்கிறான். அப்பாவின் வலது கையில் போன், இடது கையில் ஸ்டீயரிங். பிரேக்கை மிதித்துவிட்டார். சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் காரின் பம்பருக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளி. பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பயத்தில் அழுதவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அன்று இரவு அம்மா சொன்னது ஒரே வாக்கியம்தான். ``ஒண்ணு போனை விடுங்க... இல்ல ஸ்டீயரிங்கை விடுங்க!"

அப்பாவால் இரண்டையும் விட முடியாது. அவர் கேட்டரிங் கான்ட்ராக்டர். முகூர்த்த நாள்களில் சமையல் மாஸ்டர், கோயம்பேடு காய்கறிக் கடைக்காரர், பாத்திர வாடகைக்காரர், பெண் வீட்டுக்காரர் என்று போன் அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்காவிட்டால், 500 பேர் பந்தியில் உட்காரும்போது வாழை இலை வந்திருக்காது. அதனால் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவு: `அப்பாவின் காரில் ஹேண்ட்ஸ் ஃப்ரீ மாட்டிவிடலாம்.' டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன் என்பதால், `உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்' என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒரு வாரம் அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அப்பாவோ, அண்ணனோ, கணவரோ இருந்தால் உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு, ஆபத்தாக வண்டி ஓட்டுவது பற்றியது. சிக்னலை மீறுவது, எதிர்த் திசையில் ஓட்டுவது ஆகியவற்றோடு, கையில் பிடித்துப் பயன்படுத்தும் தொடர்புக் கருவியை வண்டி ஓட்டும்போது பயன்படுத்துவதும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல்முறை சிக்கினால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 3 ஆண்டுகளுக்குள் மறுபடி அதே தப்பைச் செய்தால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது சட்டம்.

2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் இன்னொன்றையும் தெளிவுபடுத்தியது. வண்டி ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். அதுவும், ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடி.

சட்டம் `கையில் பிடித்து' என்று சொல்வதால், `அப்போ ப்ளூடூத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்' என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 3,395 பேர் இறந்த விபத்துகளுக்குக் காரணமாகப் பதிவானது, ஓட்டும்போது போன் பயன்படுத்தியது. மோதிய பிறகு, ஓட்டியவர் போனில் இருந்தாரா என்பதைச் சம்பவ இடத்தில் கண்டுபிடிப்பது எளிதல்ல. பதிவில் வராதவையும் இருக்கும்.

எதை வாங்குவது?

`ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்று கடையில் கேட்டால் நான்கு விதமான பொருள்களை எடுத்து வைக்கிறார்கள்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்: சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவது. போனோடு ப்ளூடூத்தில் இணைந்து, வரும் குரலை எஃப்.எம். அலையாக மாற்றி, காரின் ரேடியோவுக்கு அனுப்பும். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஒயர் வேலை எதுவும் இல்லை. ஆனால், சென்னை மாதிரி ஊரில் காலியான அலைவரிசை கிடைப்பது கஷ்டம். சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 என்று வரிசையாக ஸ்டேஷன்கள். நடுவில் ஓர் இடம் பிடித்து வைத்தாலும், பாதி வழியில் மாஸ்டரின் குரலோடு யாரோ ஒரு ஆர்.ஜே-வும் சேர்ந்து பேசுவார். மைக் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே, முழங்கால் உயரத்தில் இருப்பதால், எதிர்முனைக்கு நம் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும்.

ஆக்ஸ் ரிசீவர்: ஸ்டீரியோவில் ஹெட்போன் பின் போடும் ஆக்ஸ் துளை இருந்தால், அதில் செருகும் சின்ன ப்ளூடூத் டப்பா. ரேடியோ இரைச்சல் இருக்காது. ஆனால், இதை சார்ஜ் போட வேண்டும். லைட்டர் சாக்கெட்டிலிருந்து சார்ஜ் போட்டபடி பயன்படுத்தும்போது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க `ங்ங்ங்' என்று ஓர் இழுவைச் சத்தம் வரலாம். எர்த் பிரச்னைதான் காரணம். அதற்கென்று தனி ஃபில்டர் விற்கிறார்கள்.

சன் வைஸர் ஸ்பீக்கர்: தலைக்கு மேலே வெயில் மறைப்பில் கிளிப் மாதிரி மாட்டுவது. மைக், ஸ்பீக்கர், பேட்டரி மூன்றும் அதிலேயே. வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு, அடிக்கடி வண்டி மாற்றுபவர்களுக்கு வசதி. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் குரல் தெளிவாகப் போகும். ஒரே கவலை, நம் ஊர் வெயில். கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரியை நாள் முழுக்க விடுவது நல்லதல்ல. இறங்கும்போது கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும்.

ப்ளூடூத் ஸ்டீரியோ: பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, ப்ளூடூத்தும் தனி மைக்கும் உள்ளதாக மாட்டுவது. செலவு மற்றதைவிட அதிகம். ஆனால், குரல் காரின் சொந்த ஸ்பீக்கரில் வரும். தினமும் மாட்டுவது, சார்ஜ் போடுவது என்ற தொல்லை இல்லை.

அப்பாவின் கார் 2013 மாடல். அதில் இருந்தது சி.டி. போடும் பழைய ஸ்டீரியோ. அது உட்காரும் பள்ளம் சுமார் 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். கடைகளில் `சிங்கிள் டின்' என்பார்கள். `பெரிய ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் போட்டுக்கலாமே, யூடியூப் பார்க்கலாம்' என்று சித்தப்பா ஆசைகாட்டினார். ``இருக்கிற கவனச்சிதறல் போதாதா?" என்றார் அம்மா. ஸ்க்ரீன் இல்லாத சாதாரண ப்ளூடூத் ஸ்டீரியோ என்று முடிவானது.

ஜி.பி. ரோட்டில் ஒரு மதியம்

சென்னையில் காருக்கு எது வாங்குவதென்றாலும் ராயப்பேட்டை ஜி.பி. ரோட்டைத்தான் சொல்வார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்பதன் சுருக்கம் அது. சீட் கவர், ஹாரன், கண்ணாடி, ஸ்டீரியோ என்று தெரு முழுக்கக் கடைகள். பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்திய காரிலேயே வேலை நடக்கிறது. முகூர்த்தம் இல்லாத ஒரு புதன்கிழமை அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் இரண்டு கடைகளில் ``அரை மணி நேரத்துல முடிச்சுடலாம் சார். ஒயரை கட் பண்ணி முறுக்கி டேப் அடிச்சா போதும்" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் அண்ணன், காரின் மாடலையும் வருடத்தையும் கேட்டுவிட்டு, ஒரு கப்ளரைத் தேடி எடுத்தார். ``இது உங்க வண்டிக்கான கப்ளர் சார். ஒரு பக்கம் வண்டியோட சாக்கெட்ல போகும். இன்னொரு பக்கம் ஸ்டீரியோவுல போகும். வண்டி ஒயர்ல கத்தியே படக் கூடாது. நாளைக்கே பழைய செட்டைத் திருப்பி மாட்டணும்னாலும் மாட்டிக்கலாம்" என்றார்.

புது கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வண்டியின் ஒயரை வெட்டி இணைத்தால், பின்னால் மின்சாரக் கோளாறு வரும்போது வாரன்டியில் பிரச்னை வரலாம். கப்ளருக்கு ஆகும் கூடுதல் செலவு சில நூறு ரூபாய்தான். நாங்கள் அந்தக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

வேலையை ஆரம்பித்தவர் முதலில் போனது டேஷ்போர்டு பக்கம் அல்ல, பானெட் பக்கம். 10-ம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். ``12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதுன்னு நிறைய பேர் விட்டுடுவாங்கம்மா. ஷாக் அடிக்காது. ஆனா, ரெண்டு ஒயர் உரசுனா ஃப்யூஸ் போயிடும். நேரம் சரியில்லேன்னா ஒயரே எரியும்" என்றார்.

பிறகு ஸ்டீரியோவைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை மெதுவாக நெம்பி எடுத்தார். உள்ளே ஒரு ஒயர் காடு. எனக்காக ஒவ்வொன்றாகச் சொன்னார். புது ஸ்டீரியோவிலிருந்து வரும் மஞ்சள் ஒயர், பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் வாங்குவது. ஸ்டேஷன், செட்டிங் எல்லாம் நினைவில் நிற்பது அதனால்தான். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருவது. கறுப்பு, எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஜோடிகள் நான்கு ஸ்பீக்கர்களுக்கு.

``மஞ்சளையும் சிவப்பையும் மாத்திக் கொடுத்தா என்ன ஆகும் அண்ணே?"

``ஒவ்வொரு தடவையும் வண்டியை ஆஃப் பண்ணா செட்டிங் எல்லாம் அழிஞ்சுடும். ரெண்டையும் சேர்த்து மஞ்சள்லயே முறுக்கி விட்டா செட்டு அணையவே அணையாது. காலைல வந்து பார்த்தா பேட்டரி படுத்திருக்கும்."

உங்கள் காரில் மாட்டிய பிறகு இதைச் சோதிப்பது சுலபம். சாவியை எடுத்ததும் ஸ்டீரியோ அணைய வேண்டும். மறுபடி போட்டால், கடைசியாக வைத்த ஸ்டேஷன் அப்படியே இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஒயரிங் சரி.

மைக்தான் எல்லாமே!

ஸ்டீரியோ உட்கார்ந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ``இனிமேதான் மெயின் வேலை" என்றார் அண்ணன். கையில் நீள ஒயரோடு ஒரு சின்ன மைக்.

சில ஸ்டீரியோக்களில் மைக் முகப்பிலேயே இருக்கும். அது போதும் என்று விட்டுவிட்டால், எதிர்முனையில் இருப்பவர் `என்ன... கேட்கலை' என்று கத்துவார். நாம் குனிந்து ஸ்டீரியோவைப் பார்த்துப் பதில் கத்துவோம். ஹேண்ட்ஸ் ஃப்ரீ மாட்டியதன் நோக்கமே அங்கு கெட்டுவிடும். தனி மைக்கை ஓட்டுபவரின் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வைக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள மேல் மூடி, அல்லது சன் வைஸருக்கு மேலே கூரையின் ஓரம் இரண்டும் நல்ல இடங்கள். ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் எதிர்முனைக்குப் புயல் சத்தம்தான் கேட்கும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால், பேசுபவருக்கு அவர் குரலே எதிரொலிக்கும்.

மைக் ஒயரைக் கண்ணாடி ஓரத் தூண் வழியாகக் கொண்டுபோகும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில், அந்தத் தூணுக்குள்ளேயே ஏர்பேக் மடிந்திருக்கும். அதன் குறுக்கே ஒயர் போகக் கூடாது. விரியும் நேரத்தில் அது தடையாகிவிடும். ஸ்டீயரிங் நடுவிலும் டேஷ்போர்டிலும் `ஏர்பேக்' என்று எழுதியிருக்கும் மூடிகள் மேல் எதையும் ஒட்டக் கூடாது. போன் ஸ்டாண்டும் இதில் அடக்கம். மாட்டுபவரிடம் நாம்தான் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, போனை இணைக்கும் வேலை. இதை வண்டி நிற்கும்போதே முடித்துவிட வேண்டும். போனில் ப்ளூடூத்தை ஆன் செய்து, பட்டியலில் ஸ்டீரியோவின் பெயரைத் தொட்டால் இணைந்துவிடும். சில செட்டுகள் ரகசிய எண் கேட்கும். பெரும்பாலும் 0000 அல்லது 1234. `கான்டாக்ட்ஸைப் பகிரவா?' என்று போன் கேட்டால், அனுமதி கொடுத்தால்தான் கூப்பிடுபவரின் பெயர் வரும். இதில் ஒன்றை மறக்காதீர்கள். பகிர்ந்த எண்கள் காரின் நினைவகத்தில் தங்கிவிடலாம். வண்டியை விற்கும்போது, வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது இணைப்பை அழித்துவிட வேண்டும்.

`தானாக போனை எடுக்கும்' வசதி சில செட்டுகளில் இருக்கும். அதை அணைத்து வையுங்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் அணைக்கவில்லை. பின்சீட்டில் அத்தை உட்கார்ந்திருக்க, அதே அத்தையைப் பற்றிப் புகார் சொல்ல சித்தி கூப்பிட, நான்கு ஸ்பீக்கரிலும் ஒலிபரப்பானது. அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை!

பேச்சு கோயம்பேட்டைப் பற்றி... காரும் கோயம்பேட்டுக்கே!

நாலரை மணிக்குக் கிளம்பினோம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ``எவ்ளோ தெளிவா கேட்குது பார்!" என்று அம்மாவுக்குப் போட்டுப் பேசினார். அண்ணா சாலை, சைதாப்பேட்டை தாண்டி கிண்டி வரும்போது காய்கறிக் கடைக்காரர் லைனில் வந்தார். வெள்ளிக்கிழமை விசேஷத்துக்கான பட்டியல். அப்பாவின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். கண் ரோட்டில். பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

``கேரட் 40 கிலோ... பீன்ஸ் நல்லதா 30... வாழைக்காய் வேணாம், சேனை போட்டுடுங்க..."

கத்திப்பாரா வந்தது. தாம்பரத்துக்கு நேராகப் போக வேண்டும். அப்பா 20 வருடமாகப் போகும் வழி. ஆனால், கார் அழகாக இண்டிகேட்டர் போட்டு வடபழனி, கோயம்பேடு பக்கம் போகும் வழியில் இறங்கியது. நான் ``அப்பா!" என்று கத்தியபோது நாங்கள் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் போய்க்கொண்டிருந்தோம்.

கடைக்காரரிடம் ``அப்புறம் கூப்பிடுறேங்க" என்று வைத்துவிட்டு, ஓரமாக நிறுத்தினார் அப்பா. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, ``போர்டைப் பார்த்த மாதிரிதான் இருந்துச்சு பாப்பா. ஆனா, படிக்கலை" என்றார்.

அப்பா அன்று சொன்னதைத்தான் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று வீட்டுக்கு வந்து தேடியபோது தெரிந்தது. 1997-ல் கனடாவின் டொரன்டோவில் விபத்துக்குள்ளான 699 ஓட்டுநர்களின் போன் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. போனில் பேசும் நேரத்தில் மோதும் ஆபத்து நான்கு மடங்கு என்றது அது. கையில் பிடிக்காத போன்களால் ஆபத்து குறைந்ததாகவும் அதில் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும், `கையில் பிடித்துப் பேசுவதைவிட ஹேண்ட்ஸ் ஃப்ரீ பெரிதாகப் பாதுகாப்பானதல்ல' என்கிறது.

காரணம் கை அல்ல, மனசு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் கார் ஓட்டும் சிமுலேட்டரில் செய்த ஆய்வுகளில், போனில் பேசிக்கொண்டு ஓட்டுபவர்கள் எதிரே தெரியும் பொருள்களைக் கண்ணால் நேராகப் பார்த்தும் மனதில் பதித்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. அறக்கட்டளைக்காக அவர்கள் செய்த 2015-ம் வருட ஆய்வு, குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனச்சிதறல் 27 விநாடி வரை நீடிக்கலாம் என்றது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்றால் 450 மீட்டர். போனை வைத்துவிட்ட பிறகும், கிட்டத்தட்ட அரை கிலோமீட்டருக்கு நாம் முழுசாக ரோட்டில் இல்லை!

`பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேசுவதில்லையா?' என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. பக்கத்தில் இருப்பவருக்கும் ரோடு தெரியும். லாரி குறுக்கே வந்தால் அவரே பேச்சை நிறுத்துவார். `பார்த்து!' என்பார். போனில் இருப்பவருக்கு லாரியும் தெரியாது, சைக்கிளில் வரும் பையனும் தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார். அன்று, `எங்கப்பா இருக்கீங்க?' என்று நான் பேசியதுபோல.

அப்போ மாட்டியது வேஸ்ட்டா?

இல்லை. போனைத் தேடிக் கை போகவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கியர் மாற்றுவதில்லை. யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையைக் குனிந்து பார்க்கும் 3 விநாடியில், 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் 50 மீட்டர் ஓடிவிடும். அந்த ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால், அது நீளமாகப் பேசுவதற்கான லைசென்ஸ் அல்ல. `அப்புறம் கூப்பிடுறேன்' என்று சொல்வதற்கான வசதி. இப்படிப் புரிந்துகொண்ட பிறகு, எங்கள் வீட்டில் சில விதிகள் போட்டிருக்கிறோம்.

* வண்டி ஓடும்போது எடுக்கும் அழைப்பில் ஒரே பதில்: ``ஓட்டிட்டு இருக்கேன், நிறுத்திட்டுக் கூப்பிடுறேன்." பட்டியல், விலை, தேதி எதுவும் பேசக் கூடாது. கணக்குப் போட வைக்கும் பேச்சுதான் கவனத்தை அதிகம் தின்கிறது.

* அவசரம் என்றால், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டிவிட்டுப் பேச வேண்டும். பாலத்தின் மேல், வளைவில் நிறுத்தக் கூடாது.

* கிளம்பும் முன் 5 நிமிடம் ஒதுக்கி, மாஸ்டர், காய்கறிக் கடைக்காரர், மண்டப மேனேஜர் மூவருக்கும் அப்பாவே பேசிவிடுவார். `இனி ஒரு மணி நேரம் ரோட்டில் இருப்பேன்' என்றும் சொல்லிவிடுவார். பாதி அழைப்புகள் இதிலேயே குறைந்துவிட்டன.

* அம்மா உடன் போனால், போன் அம்மாவிடம். அவரே எடுப்பார், அவரே குறித்துக்கொள்வார். ``எனக்கு சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

* தனியாகப் போகும்போது போனில் டிரைவிங் மோட். ஐபோனில் `டிரைவிங் ஃபோகஸ்' என்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களிலும் இதுபோன்ற வசதி உண்டு. மெசேஜ் சத்தங்களை அடக்கிவிடும். `வண்டி ஓட்டுகிறேன்' என்று தானாகப் பதில் அனுப்பும்படியும் வைக்கலாம்.

கடைசி விதி எனக்கானது. அப்பாவை நான் போனில் கூப்பிட்டால், `சாப்ட்டீங்களா', `எங்க இருக்கீங்க' எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ``வண்டி ஓடுதாப்பா?" ஓடுகிறது என்றால் நான்தான் போனை வைக்க வேண்டும். பெரியவர்கள் தாமாக வைக்க மாட்டார்கள். மகளோ மகனோ கூப்பிட்டால் எப்படி வைப்பார்கள்? அதனால் கூப்பிடுபவர்தான் வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஜி.பி. ரோடு போக வேண்டியதில்லை. ஒரு ரூபாய் செலவும் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பாவுக்கு போன் போட்டேன்.

``வண்டி ஓடுதாப்பா?"

``ஓடுது பாப்பா."

வைத்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். பின்னணியில் டீ ஆற்றும் சத்தம் கேட்டது.

``பெருங்களத்தூர்கிட்ட டீக்கடையில நிறுத்தியிருக்கேன். இப்போ சொல்லு, சாப்ட்டியா?"